கடையில் வாங்காத பரிசு

கேள்வி: அப்பாவுக்கு வரும் மாதம் 60 வயது நிறைவடைகிறது, முன்னர் கொடுத்த சேட்டும் சாரமும் அலுமாரியில் பிரிக்கப்படாமலே கிடப்பதால், திருகோணமலையில் அவர் மனம் நிறைய வேறு எதைக் கொடுக்கலாம்?

மறுமொழி 1: சகோதரி, என் தாயாரின் பிறந்தநாளன்று பிள்ளைகள் மூவரும் இரத்ததானம் செய்தோம். ஒருவர் கொடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர்தான். ஆயினும் முகம் தெரியாத ஒருவருக்குத் தன் பெயரால் உதவி போய்ச் சேர்ந்ததை அம்மா அயலெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். 2014 முதல் இலங்கையில் இரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே பெறப்படுகிறது என்பது எனக்குப் பெரும் பெருமை.

மறுமொழி 2: நேரத்தையும் கொடுங்கள். விடியற்காலையில் கன்னியாவுக்கு அழைத்துச் சென்று, ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அவருக்கு நீங்களே தண்ணீர் அள்ளி ஊற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்: இரண்டையும் செய்வேன், தம்பியும் இரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டான்.