டிரிப் காசா, நிலையான சம்பளமா? புது லோரி டிரைவருக்கு எது சரி?

புங்கோல்_பையன்:
கனரக வாகனத்துக்கான கிளாஸ் 4, கிளாஸ் 5 லைசென்ஸ் இரண்டும் எடுத்துவிட்டேன். ஆனால் இதுவரை ஓட்டியது வேன் மட்டும்தான். இப்போது கையில் இரண்டு வேலை. ஒன்று துவாஸில் ஹாலேஜ், அதாவது டிரெய்லரில் கண்டெய்னர் இழுக்கும் வேலை. பேசிக் 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிரிப் காசு. "நம்ம ஆட்கள் நாலாயிரத்துக்குக் குறையாமல் எடுக்கிறார்கள்" என்கிறார் மேனேஜர். இன்னொன்று ஜூரோங்கில் குளிர்பதனக் கிடங்கு, 24 அடி லோரியில் சூப்பர்மார்க்கெட் சரக்கு. 2,900 வெள்ளி, ஆறு நாள் வேலை, காலை 5 மணிக்கு ஆரம்பம், கூட ஒரு உதவியாள் வருவார். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எதை எடுப்பது?

டிரெய்லர்_மாமா:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, ஹாலேஜ். வயது இருக்கும்போதே டிரெய்லர் ரிவர்ஸ் பழகிக்கொள். 40 அடி கண்டெய்னரை ஒரே தடவையில் ரிவர்ஸில் சரக்கு இறக்கும் இடத்தில் சேர்க்கத் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போகாது. துவாஸ் துறைமுகம் 2022இல் திறந்தது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் எல்லாம் 2027க்குள் அங்கேதான் போகின்றன. வேலை மேற்குப் பக்கம் குவியும்போது நீ சூப்பர்மார்க்கெட் பின்வாசலில் பால் பெட்டி தள்ளிக்கொண்டு நிற்கப்போகிறாயா?

சம்பளச்_சீட்டு:
மேனேஜர் சொல்லும் நாலாயிரம் யாருக்கு? எந்தக் கிடங்கில் எப்போது கூட்டம், எந்தக் காலி கண்டெய்னர் டிப்போவில் வரிசை நகராது, டிரிப் பிரித்துக் கொடுக்கும் எந்த கன்ட்ரோலரிடம் எப்படிப் பேசினால் நல்ல டிரிப் கிடைக்கும் என்று தெரிந்த பழைய ஆளுக்கு. புதியவன் காலி கண்டெய்னரை இறக்க டிப்போ வாசலில் நின்றே பாதி நாளைத் தொலைப்பான். நிற்கும் நேரத்துக்கு டிரிப் காசு உண்டா? அதை முதலில் கேளுங்கள் தம்பி.

அடுத்து, அந்தக் காசு சம்பளச் சீட்டில் வருகிறதா? நீங்கள் சிங்கப்பூரர் என்றால் டிரிப் காசுக்கும் மத்திய சேம நிதி கட்டியாக வேண்டும். 55 வயது வரைக்கும் முதலாளி பங்கு 17 விழுக்காடு. உறையில் போட்டு ரொக்கமாகக் கொடுத்தால் அந்த 17 போச்சு. பிறகு அந்தச் சேமிப்பில் வீடு வாங்கப் போகும்போதுதான் வலிக்கும்.

டிரெய்லர்_மாமா:
எல்லா கம்பெனியும் உறையில் கொடுப்பதில்லை. நல்ல இடத்தில் வெயிட்டிங் காசும் உண்டு. ஹாலேஜ் என்றாலே திருட்டுக் கூட்டம் மாதிரி பேசாதீர்கள்.

சம்பளச்_சீட்டு:
திருட்டு என்று நான் சொல்லவில்லை. டிரிப் கணக்கு ஆளை ஓட வைக்கும் என்கிறேன். கனரக வாகனத்துக்கு விரைவுச்சாலையில் 60 கிலோமீட்டர்தான். 12 டன்னுக்கு மேற்பட்ட லோரிகளில் வேகக் கட்டுப்படுத்தி எப்போதோ வந்துவிட்டது, இப்போது 3.5 டன்னுக்கு மேற்பட்ட சின்ன லோரிகளுக்கும் படிப்படியாக வருகிறது. வேகத்தில் மிச்சம் பிடிக்க முடியாதவன் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பிடிப்பான். 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். லைசென்ஸ் போனால் மேனேஜர் வேறு ஆளை எடுப்பார், அவ்வளவுதான்.

செங்காங்_அக்கா:
என் வீட்டுக்காரர் லோரிதான் ஓட்டுகிறார். நீங்கள் இருவரும் சம்பளத்தையே பேசுகிறீர்கள். தம்பி புங்கோலில் இருந்தால் காலை 5 மணிக்கு ஜூரோங்கில் எப்படி நிற்பார்? முதல் எம்ஆர்டி ரயிலே ஐந்தரைக்கு மேல்தான். மோட்டார்சைக்கிள் இருக்கிறதா? இல்லையென்றால் தினமும் டாக்சியா? லோரியை வீட்டுப் பக்கம் கொண்டுவர விடுவார்களா என்று கேளுங்கள். 5 டன்னுக்கு மேல் என்றால் கனரக வாகன நிறுத்துமிடத்தில் பதிவு செய்த இடம் வேண்டும். கண்ட இடத்தில் விட முடியாது.

டிரெய்லர்_மாமா:
அப்படிக் கேளுங்கள் அக்கா! நிலையான சம்பளம் என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள், டாக்சிக் காசைக் கழித்தால் எவ்வளவு நிற்கும்? லோரியின் பின்கதவு மேடையில் (டெயில்கேட்) சரக்கு ஏற்றி இறக்கும் முதுகு வலிக்கு எந்தச் சீட்டில் கணக்கு?

மன்னார்குடி_வண்டி:
அண்ணே, நான் கட்டுமான கம்பெனி வொர்க் பெர்மிட். பகலில் சைட் வேலை, காலையும் மாலையும் ஆட்களை ஏற்றி லோரி ஓட்டுவது. 2025 செப்டம்பரில் இருந்து கனரக வாகன டிரைவர் வேலைக்கும் இந்தியர்களை எடுக்கலாம் என்று வந்ததே, அதில் டிரிப் காசு எப்படி?

சம்பளச்_சீட்டு:
தம்பி, இந்தியர்களை எடுக்கலாம் என்று அனுமதித்த அந்த வேலைப் பட்டியலின்கீழ் எடுத்தால் நிலையான மாதச் சம்பளமே குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும். மாதா மாதம் ஏறி இறங்கும் டிரிப் காசைச் சேர்த்து "2,000 வந்துவிட்டது" என்று காட்டினால் நம்பாதீர்கள். இங்குள்ள ஏஜென்ட் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் கேட்கவும் முடியாது.

புங்கோல்_பையன்:
நேற்று இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன். கிடங்கில், மூன்று மாதம் கழித்து லோரியை என் வீட்டுப் பக்கக் கனரக நிறுத்துமிடத்தில் விடலாம், அதுவரை பக்கத்து பிளாக்கில் இருக்கும் இன்னொரு டிரைவர் ஏற்றிக்கொள்வார் என்றார்கள். ஹாலேஜில், டிரிப் காசுக்குச் சீட்டு கிடையாதாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி வேறு: விபத்து என்றால் முதல் 3,000 வெள்ளி டிரைவர் பொறுப்பு, மாதா மாதம் பிடிப்பார்கள். இது வழக்கமா?

சம்பளச்_சீட்டு:
வழக்கம் வேறு, சட்டம் வேறு. சேதத்துக்குப் பிடிப்பது என்றால் முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். உங்கள் தவறு என்றாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது, அதுவும் ஒரே தடவைதான். வேலைச் சட்டத்தில் லோரி டிரைவர் உடலுழைப்புத் தொழிலாளர் கணக்கில் வருகிறார். பேசிக் 4,500 வெள்ளி வரை கூடுதல் நேர வேலைக்கு (ஓடி) ஒன்றரை மடங்கு உண்டு, மாதம் 72 மணி நேரம் உச்சம். இவ்வளவும் இருக்க, அந்த வரியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிரெய்லர்_மாமா:
சரி, அந்த கம்பெனி வேண்டாம். அந்த வரியை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் தம்பி, ஒரு கம்பெனியைப் பார்த்து டிரெய்லரையே விட்டுவிடாதே. ஒழுங்காகச் சீட்டு கொடுக்கும் ஹாலேஜ் தேடு.

சம்பளச்_சீட்டு:
ஒழுங்கான ஹாலேஜ் அனுபவம் கேட்கும் மாமா. வேன் மட்டுமே ஓட்டியவனை உடனே எடுப்பவன் ஏன் எடுக்கிறான் என்று யோசியுங்கள். அங்கே ஆள் நிற்பதில்லை, அதனால்தான்.

டிரெய்லர்_மாமா:
லோரி ஓட்டினால் மட்டும் டிரெய்லர் அனுபவம் வந்துவிடுமா? இரண்டு வருடம் கழித்துப் போனாலும் "டிரெய்லர் ஓட்டியிருக்கிறாயா" என்றுதான் கேட்பான்.

புங்கோல்_பையன்:
கிடங்குக்குச் சரி சொல்லிவிட்டேன். அவர்களிடமும் டிரெய்லர் இழுக்கும் பிரைம் மூவர் இரண்டு நிற்கிறது, டிரைவர் ஒருவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாராம். அந்த இடத்துக்கு என் பேரைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.