உயர் அழுத்தத்தில் பென்சீன், டொலுயீன் கலவை: 70 மெகாபாஸ்கலுக்கு அருகில் அளவீடு தடுமாறுவது ஏன்?

டர்பன் ஆய்வு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பென்சீனும் டொலுயீனும் கலந்த திரவங்களின் அடர்த்தியை, அதிர்வுக் குழாய் அடர்த்திமானியை (திரவம் நிரம்பிய குழாய் ஒருமுறை அதிர எடுக்கும் நேரத்தைக் கொண்டு அடர்த்தியைக் கணிக்கும் கருவி) வைத்து 25 டிகிரி செல்சியஸில் 0.1 முதல் 100 மெகாபாஸ்கல் வரை அளந்து வருகிறேன். டொலுயீன் மிகுந்த கலவைகளில் சிக்கல் இல்லை. தூய பென்சீனிலோ 70 மெகாபாஸ்கலைக் கடந்த சிறிது நேரத்தில் அதிர்வுக் காலம் திடீரெனத் தாவிவிடுகிறது. எந்த அழுத்தத்தில் தாவும் என்பதும் முறைக்கு முறை மாறுகிறது. கருவியில் பழுது இருக்குமா?

ஜோகன்னஸ்பர்க் வாசகர்:
குழாயில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கலாம். வாயு நீக்கம் செய்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வாளர்:
குமிழியாக இருந்தால் பிழை குறைந்த அழுத்தத்தில்தான் பெரிதாகத் தெரியும். அழுத்தம் கூடக் கூட அது சுருங்கிக் கரைந்துவிடும். தங்கையே, உங்கள் பென்சீன் உறைகிறது என்றே எண்ணுகிறேன். வளிமண்டல அழுத்தத்தில் 5.5 டிகிரியில் உறையும் பென்சீனின் உறைநிலை, ஒவ்வொரு மெகாபாஸ்கலுக்கும் ஏறக்குறைய 0.28 டிகிரி உயர்வதால், 70ஐ ஒட்டிய அழுத்தத்தில் அது 25 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. உறைநிலையைக் கடந்த பிறகும் திரவம் சற்று நேரம் உறையாமல் நிற்கக்கூடும் என்பதால்தான் தாவும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. உறைந்த பென்சீன் மெல்லிய இணைப்புக் குழாயை அடைத்துக்கொண்டால், மானி காட்டும் அழுத்தம் அதிர்வுக் குழாயைச் சென்றடையாது. அதற்குப் பிறகு வரும் எண்கள் எதற்கும் பயன்படா.

கலவையின் மொத்த மோல்களில் பத்தில் ஒரு பங்கு டொலுயீனாக இருந்தால் உறைநிலை ஆறு, ஏழு டிகிரி இறங்கும்; ஆகவே அந்தக் கலவை 90 மெகாபாஸ்கலைத் தாண்டும்வரை திரவமாக இருக்கும். வெப்பநிலையை 40 டிகிரிக்கு உயர்த்துங்கள். 100 மெகாபாஸ்கல் வரை தூய பென்சீனும் உறையாது. (ஆவியைக் குறித்துக் கவனம் தேவை, பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும்.)

டர்பன் ஆய்வு மாணவி:
மிக்க நன்றி, அண்ணா. மிகைக் கனஅளவும் (கலவையின் கனஅளவு, கலக்கும் முன் இருந்த தூய திரவங்களின் கனஅளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பது) சிதறலாகவே வருகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வாளர்:
இல்லை, அது வேறு. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒத்த மூலக்கூறுகள் என்பதால் மிகைக் கனஅளவு, மோலுக்கு 0.1 கன சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். அடர்த்தியில் கன மீட்டருக்கு 0.5 கிலோகிராம் பிழை நேர்ந்தாலே அதில் 0.05 மாறிவிடுகிறது, உயர் அழுத்தத்தில் அத்தகைய பிழை நேர்வது அரிதன்று. தூய திரவங்களையும் கலவைகளையும் ஒரே குழாயில், ஒரே அளவுத்திருத்தத்தில், அதே அழுத்தப் புள்ளிகளில் அளந்தால் பொதுவான பிழையில் பெரும்பகுதி கழிந்துவிடும். அமுக்கும்போது திரவம் சூடேறுவதால், ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை நிலைபெறும்வரை பொறுத்திருங்கள். இடையே மின்வெட்டு வந்தால் அந்த வரிசையை முழுவதுமாகத் தள்ளிவிடுவதே நல்லது. அதன் பிறகும் சிதறினால் கலவை தயாரித்த எடைக் குறிப்பைப் பாருங்கள்: பென்சீன் விரைவில் ஆவியாகும், மூடியைத் திறந்து வைத்தால் மோல் பின்னமே (மொத்த மோல்களில் ஒவ்வொன்றின் பங்கு) மாறிவிடும்.