கடை போர்டுக்கு உரிமம் வேண்டுமா? வேலூர்க்காரர்கள் உதவுங்கள்

வணக்கம். சத்துவாச்சாரியில் உள்ள அம்மாவின் தையல் கடைக்கு போர்டு மாற்ற வேண்டும். போன திங்கட்கிழமை வந்து பார்த்த அதிகாரிகள், தமிழ் எழுத்து சிறியது, இரும்பு ஃபிரேம் கால்வாய்க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது, 15 நாளில் சரிசெய்யுங்கள் என்றார்கள். டேப் வைத்து அளந்தேன், உண்மைதான்: சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே. ஆங்கிலம் ஒரு அடி உயரம், அதன் கீழே தமிழ் நாலு விரற்கடை.

தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதத்தைப் பார்த்துப் புது டிசைன் போட்டுவிட்டோம். கடைப் பெயர் தமிழில் பெரிதாக வந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அளவு 12க்கு 3 அடி, உள்ளே எல்.ஈ.டி. விளக்கு. வாடகைக் கட்டடம்; ஓனர் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அப்புறம்தான் குழப்பம். போர்டு செய்பவர் அனுமதியே வேண்டாம் என்கிறார். பக்கத்துக் கடைக்காரரோ, 2023-இல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி கட்டாயம் என்கிறார். விதிகளை நானே படித்தேன். விளம்பரப் பலகை பற்றி நிறைய இருக்கிறது, எங்களுக்கு எது பொருந்தும் என்று பிடிபடவில்லை. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

சொந்தக் கடையின் பெயர் மட்டும் எழுதி, சுவரோடு ஒட்டி மாட்டும் போர்டுக்கு வேலூர் மாநகராட்சியில் தனி உரிமம் வாங்க வேண்டுமா?