கோடிப்பக்கம் விறகடுப்பும் இருந்து கதைக்க ஒரு தளமும்: எங்கே, எதாலே கட்டலாம்?
(வளவுக்காரன் கேக்கிறார்; சோளகம், செங்கல், ஒடியல், சிரட்டைக்கரி எண்ட பேர்களிலே நாலு பேர் பதில் சொல்லுகினம்.)

வளவுக்காரன்
யாழ்ப்பாணத்திலே எங்கடை வீடு வடக்குப் பார்த்தது. பின்னுக்கு, கோடிப்பக்கம் எண்டு சொல்லுற தெற்குப் பக்கம் 40க்கு 30 அடி நிலம் சும்மா கிடக்கு. தென்மேற்கு மூலையிலே மாமரம், தென்கிழக்கு மூலை வெளி. கிணறு மேற்குப் பக்கம், வேலி கிடுகு (பின்னின தென்னோலை). 12 பேர் இருக்கத் தளமும், கூழ் காய்ச்சவும் மீன் சுடவும் அடுப்பும் வேணும். மாமரத்துக்குக் கீழே அடுப்பை வைச்சு, தளத்துக்கு மாபிள் பதிக்க யோசனை. பழைய மதில் உடைச்ச வெள்ளைக்கல் (சுண்ணாம்புக் கல்) நிறையக் கிடக்கு, அதாலே அடுப்பைக் கட்டலாமோ? வீட்டுக்குள்ளே புகை வரக்கூடாது, அதுதான் முக்கியம்.

சோளகம்
மாமரத்தடியிலே வைக்காதேங்கோ. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்றுத் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த மூலையிலே எரிச்சால் முழுப் புகையும் நேரே உங்கடை குசினி யன்னலுக்குத்தான் போகும். இலை கருகிறதும் முசுறு எறும்பு கொட்டுறதும் வேறை.

அடுப்பைத் தென்கிழக்குப் பக்கம் கொண்டு போங்கோ. அக்கினி மூலை எண்டு பழைய ஆக்கள் சொல்லுற இடம் உங்கடை வளவுக்குக் காற்றுக் கணக்கிலும் சரியாய் வருது. சோளகத்துக்குப் புகை வீட்டின்ரை கிழக்குக் கரையாலே கழண்டு போகும், வடகிழக்கிலிருந்து வீசுற வாடைக்குத் தெற்கு வேலிப் பக்கம் போகும். இரண்டு காற்றும் ஒரே கோட்டிலேதான் வீசுது, திசைதான் மாறுது. அதாலே அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, அடுப்பிலிருந்து வடமேற்கிலே 8, 10 அடி தள்ளி ஆக்கள் இருந்தால் எந்த மாதமும் கண் எரியாது. அடுப்பு வாயையும் காற்றுக்கு நேரே விடாமல் தென்கிழக்குக்குத் திருப்புங்கோ. காற்று வாய்க்குள்ளே நேரே புகுந்தால் விறகு மளமளவெண்டு எரிஞ்சு முடியும், சுவாலையும் பானையைச் சுற்றி வெளியிலே ஏறும்.

கிடுகு வேலிக்கும் அடுப்புக்கும் குறைஞ்சது 10 அடி இடைவெளி வேணும். அந்த மூலை வேலியை மட்டும் தகரமாக்கினால் இன்னும் நல்லது. சோளகத்திலே காவோலையும் பன்னாடையும் அடுப்பு மூட்ட மட்டும் பாவியுங்கோ, அதுகளின்ரை பொறி கன தூரம் பறக்கும். எரிக்கிறதுக்குக் காய்ஞ்ச பூவரசு, பனம் மட்டை காணும். அலரிக் கொப்பு நஞ்சு, அடுப்புப் பக்கமே கொண்டு வரக்கூடாது.

செங்கல்
வெள்ளைக்கல் நெருப்புப் படுற இடத்துக்குச் சரிவராது. சுண்ணாம்புச் சூளையிலே போடுறதும் இந்தக் கல்லுத்தானே. நல்லாய்ச் சூடேறின பக்கம் சுட்ட சுண்ணாம்பாகி, மழை பட்டவுடனே பொருமி உதிரும். ஈரம் ஊறின கல்லெண்டால் சூட்டிலே வெடிச்சுத் துண்டு பறக்கும். சீமெந்துக் கல்லும் வெடிக்கும். நெருப்பறைக்குச் செங்கல்தான்.

கிடக்கிற வெள்ளைக்கல்லாலே ஒண்டரை அடி உயர மேடை கட்டுங்கோ, மிச்சத்திலே இருக்கிறதுக்குத் திண்ணையும் வரும். மேடைக்கு மேலே 4 அங்குலம் மணல், அதுக்கு மேலே ஒரு வரி செங்கல் பரவி, அதிலே அடுப்பு. சாந்துக்குச் சீமெந்து வேண்டாம், சூட்டிலே விட்டுப்போகும். புற்றுமண் 2 பங்கு, மணல் 1 பங்கு, கைப்பிடி உமி போட்டுக் குழைச்சுக் கட்டி, நிழலிலே 10 நாள் காய விடுங்கோ. பிறகு இரண்டு மூன்று நாள் சின்ன நெருப்பு மட்டும். ஈரத்தோடை பெரிய நெருப்பு மூட்டினால் உள்ளே ஆவி தள்ளிச் சுவர் பிளக்கும்.

உள்ளகலம் 12 அங்குலம், வாய் 8 அங்குலம். விறகு கிடக்கிற கம்பித்தட்டை 3 அங்குலம் உயர்த்தி வைச்சால் அடியாலே காற்று வரும். தட்டுக்கும் கிடாரத்தின்ரை (பெரிய பானையின்ரை) அடிக்கும் இடையிலே 8 அங்குலம். அதிலும் குறைஞ்சால் நெருப்பு மூச்சடைச்சு மை பிடிக்கும், கூடினால் விறகு வீண். கிடாரத்தைத் தாங்குற மூன்று குமிழும் அரை அங்குலம் உயர்ந்து நிக்கட்டும், புகை போக அதுதான் வழி. மண் சாந்துக்கு மாரியிலே தகரக் கூரை கட்டாயம், 8 அடி உயரத்திலே.

வளவுக்காரன்
நன்றி. 12 பேருக்குக் கூழெண்டால் எவ்வளவு மா? அலுமினியக் கிடாரம் காணுமோ?

ஒடியல்
தம்பி, அரைக் கிலோ ஒடியல் மா (பச்சைப் பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச மா) காணும். புழுக்கொடியல் மாவை (அவிச்சுக் காயவைச்ச கிழங்கின்ரை மாவை) மாறி வாங்கிப் போடாதேங்கோ. மாவைத் தண்ணியிலே அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மேலே தெளியிற தண்ணியை ஊத்திப்போட்டு அடியிலே படியிற மாவை எடுங்கோ. கைப்பு அந்தத் தண்ணியோடைதான் போகும்.

கிடாரம் 10 லீற்றருக்குக் குறையக் கூடாது. பழப்புளி கிடந்தால் அலுமினியம் வாசம் காட்டும், எவர்சில்வர் நல்லது. முதலிலே அரிசி ஒரு பிடி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய். அரைவேக்காட்டிலே மீன் தலை, நண்டு. பிறகு மீன், றால். அதுக்குப் பிறகு அரைச்ச செத்தல் மிளகாயும் புளிக்கரைசலும். மா கடைசி. மா விழுந்தவுடனே தடிச்சு அடிப்பிடிக்கும், அதாலே கரைச்சு ஊத்த முதலே விறகை வெளியிலே இழுத்துத் தணலிலே விடுங்கோ. வளைஞ்ச கொப்பு வாய்க்குள்ளே சிக்கும், நேர் விறகாய்த் தறிச்சு வைச்சால்தான் அந்த நேரம் சுகமாய் இழுக்கலாம். ஐந்து நிமிஷம் கைவிடாமல் துழாவி, முருங்கையிலை போட்டு இறக்குங்கோ. பிலாவிலை கோலிக் குடிக்கத் திண்ணை நல்ல இடம்!

சிரட்டைக்கரி
மீன் சுட விறகு வேண்டாம், சிரட்டைக் கரி அல்லது ஊமல் (பனங்கொட்டை ஓடு) கரி. மேலே சாம்பல் பூத்த பிறகு, கரியிலிருந்து 5 அங்குலம் உயரத்திலே கம்பிவலை. வலையை முதலே காய்ச்சி எண்ணெய் தடவினால் தோல் ஒட்டாது. ஒட்டி எண்ட மீனையும் விளைமீனையும் முழுசாய்ச் சுடலாம். தேசிக்காய்ப் புளி அரை மணித்தியாலத்துக்கு மேலே ஊறினால் சதை உதிரும். ஒரு தரம்தான் பிரட்டவேணும்.

தளத்துக்கு மாபிள் வேண்டாம், மழைக்கு வழுக்கும். இன்டர்லொக் கல்லை மணலுக்கு மேலே பதிச்சு, 4 அடிக்கு 1 அங்குலம் கிழக்கே சரிவு விடுங்கோ. வளவு முழுக்கச் சீமெந்து பூசாதேங்கோ, எங்கடை கிணறுகளுக்கு ஊறுறது மழைத் தண்ணி மட்டும்தான். கீழே கிடக்கிறது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக் கல் எண்டபடியாலே அழுக்குத் தண்ணியும் கெதியாய்க் கிணற்றுக்கு இறங்கும். மீன் கழுவுற தண்ணியைக் கிழக்குப் பக்கம் ஒரு வாழைப்பாத்தி வெட்டி அதுக்கு விடுங்கோ, சாம்பலையும் அங்கேயே கொட்டலாம்.