ஓதம் ஏறும் பழைய சுவர்: சுண்ணாம்பா, மருந்தா?

மதுரை செல்லூரில் தாத்தா காலத்து வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை, 9 அங்குலச் சுவர். தரையிலிருந்து 3 அடி வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பட்டி உரிந்து விழுகிறது.

தை மாதம் பழைய பூச்சைக் கொத்திவிட்டு, 1:4 சிமென்ட் கலவையில் வாட்டர்புரூஃப் திரவம் சேர்த்துப் பூசினார்கள். சித்திரை வெயிலிலேயே மறுபடி உரிந்தது! இப்போது ஓதம் பூச்சுக்கு மேலேயும் தெரிகிறது. பிளம்பர் பார்த்துவிட்டார், குழாயில் கசிவு இல்லை. பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஈரம் சுவர்ப் பக்கம்தான் கோக்கிறது. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். மறைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும், அதில் எனக்கு மனசில்லை.

சிமென்ட்டைக் கொத்திச் சுண்ணாம்பே பூசுவதா, அல்லது சுவரடியில் துளையிட்டு ஓதத்தடுப்பு மருந்து செலுத்துவதா? செய்து பார்த்தவர்களுக்கு எது நின்றது?