நம்பிக்கையா, நைட் ஷிப்டா?

பதிவு
துணைப்பாடமாக மருத்துவ மானிடவியல் (நோயையும் சிகிச்சையையும் சமூக, பண்பாட்டுக் கண்ணோடு பார்க்கும் துறை) படித்தவர்களுக்குக் கிளைன்மன்–பென்சன் கட்டுரை (2006) தெரிந்திருக்கும். அதில் வரும் மெக்சிகோக்காரர் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். கலிஃபோர்னியா. மனைவி எய்ட்ஸில் இறந்து ஒரு வருடம். நாலு வயதுப் பையனுக்கும் எச்.ஐ.வி. பையனை ஒழுங்காகக் கிளினிக்குக்குக் கொண்டுவருவதில்லை. நோயைப் பற்றிய அவருடைய பண்பாட்டுப் புரிதலே வேறு என்று மருத்துவர்கள் முடிவுகட்டி மானிடவியலாளரைக் கூப்பிட்டார்கள். பேசிப் பார்த்தால், நோயைப் பற்றி அவருக்குத் தெரியாதது அநேகமாக எதுவுமில்லை. சொற்பச் சம்பளத்துக்குப் பஸ் ஓட்டுகிறார், அடிக்கடி ராத்திரி ஷிப்ட். கூட்டிவர நேரமில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகும், நோயாளிகளைப் பேட்டி கண்டு மாணவர்கள் எழுதும் செமஸ்டர் அறிக்கைகள் ‘நோயாளியின் நம்பிக்கைகள்’ என்றுதான் வருகின்றன. ஏன்?

மறுமொழி 1
நோயைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார் என்று அறிய 1978இல் கிளைன்மனும் சகாக்களும் தந்த எட்டுக் கேள்விகளை அப்படியே வாசிப்பதால். “எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?” என்பது முதல் கேள்வியாகவே வந்துவிடும். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள், இல்லையென்றால் “நீங்கதானே படிச்சவங்க” என்பார்கள். எட்டிலும் வேலை நேரம், சம்பளம் பற்றி நேரடியாக ஒன்றுகூட இல்லை. “நேத்து எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் சொல்லுங்க” என்று தொடங்கினால் ஷிப்ட் தானாக வந்து விழும்.

மறுமொழி 2
கேள்விப் பட்டியல் மேல் பழி போடாதீர்கள். அதைச் செக்லிஸ்ட் ஆக்காதே என்பதுதான் அந்த 2006 கட்டுரையின் சாரமே. மேலும் 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) தரும் பண்பாட்டு நேர்காணலில் 16 கேள்விகள். வேண்டிய உதவி கிடைக்காமல் எது தடுத்தது என்பது 13வது. பணம், வேலை, குடும்பப் பொறுப்பு எல்லாம் உதாரணமாகவே அதில் இருக்கின்றன. படிக்காமல் விட்டால் யார் என்ன செய்வது?

மறுமொழி 3
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முதல் வாரமே விண்ணப்பியுங்கள். உடல்நலத் தகவல் என்றால் கேள்வி மேல் கேள்வி வரும், செமஸ்டரில் பாதி அதிலேயே கரையும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும், ஆகவே துணைப்பாடத்துக்கு மூன்று, நாலு பேர் போதும். காத்திருப்பு அறையில் பேசாதீர்கள், கூட வந்தவர்தான் பதில் சொல்வார். மாத்திரையை நிறுத்திவிட்டதாக ஒருவர் சொன்னால் யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், மருத்துவர் காண்பதை ‘நோய்’, ஆள் அனுபவிப்பதை ‘பிணி’ என்று பிரித்து எழுதலாம். பிணித்தல் என்றால் கட்டுவது, பொருத்தமான சொல்தான். ஆனால் பேட்டி கொடுப்பவர் வாயில் அதைத் திணிக்காதீர்கள். “முடியல” என்றால் “முடியல” என்றே எழுதுங்கள்.

பதிவிட்டவர்
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மறுமொழி 1
நம்பிக்கை முதல் பேட்டியிலேயே கிடைத்துவிடும். ஷிப்ட் அட்டவணைக்கு இரண்டாம் முறை போகவேண்டும்.