காத்தியவார் பெட்டைக்கு எந்த அரபுக் குதிரை: வெள்ளையா, செம்பழுப்பா?

நாகலூர்த் தோட்டத்தான்

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குஜராத் பக்கத்துக் காத்தியவார் இனப் பெட்டை ஒன்று வாங்கினேன். இப்போது ஏழு வயது, 58 இன்ச் உயரம், கரும்பழுப்பு. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டும் தொடாமலும் நிற்கும். குணம் தங்கம். குறை என்றால் முதுகு கொஞ்சம் நீளம், முன்னங்கால் கணு, அதாவது குளம்புக்கு மேல் பகுதி, தாழ்ந்திருக்கும், இறக்கத்தில் அது நன்றாகவே தெரியும்.

ஒரு குட்டி எடுக்க ஆசை. விற்க இல்லை, மலைப்பாதையில் நானும் மகளும் ஓட்ட. இரண்டு அரபு ஆண் குதிரைகள் கேள்விப்பட்டேன். ஒன்று சேலத்திலேயே ஓமலூர் ரோட்டுப் பக்கம், வெள்ளை, 60 இன்ச், பத்து வயது, வீடியோவில் இரண்டு காலில் நின்று ஆடுகிறது, காகிதம் எதுவும் கிடையாது. இன்னொன்று ஓசூர் தாண்டி, செம்பழுப்பு, 59 இன்ச், வம்சாவளிச் சான்று, மரபணுச் சோதனை முடிவு எல்லாம் இருக்கிறது, ஆனால் கட்டணம் மூன்று மடங்கு. எதைச் சேர்க்கலாம்?

செவ்வாய்ப்பேட்டை சாரட்

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வெள்ளைதான். முப்பது வருஷமாக மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறேன், வெள்ளைக்கு இருக்கும் கிராக்கி வேறு எதற்கும் கிடையாது. இன்றைக்கு விற்க மாட்டேன் என்பீர்கள், நாளைக்குக் கொள்ளு விலை ஏறி, லாயம் கூட்ட ஆளும் கிடைக்காமல் போனால் விற்கத்தான் செய்வீர்கள். அன்றைக்குச் செம்பழுப்பை யார் கேட்பார்? அப்புறம் சுழி பாருங்கள். சுழி சுத்தமாக இல்லாத குதிரையை எத்தனை சான்றிதழ் காட்டினாலும் வாசலில் கட்டாதீர்கள், அவர்கள் சான்றிதழில் சுழியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

தலைவாசல் மாணவி

ஐயா, மன்னிக்கணும், சான்றிதழில் சுழி இருக்கும். குதிரையின் படம் போட்டு எங்கெங்கே சுழி என்று குறித்திருப்பார்கள், நல்லது கெட்டது பார்க்க அல்ல, நம் கைரேகை மாதிரி அடையாளத்துக்கு.

வெள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அரபுக் குதிரையில் நாம் வெள்ளை என்று சொல்வது பெரும்பாலும் நரைத்த குதிரை. மூக்கு நுனியைப் பாருங்கள், தோல் கறுப்பாக இருக்கும். பிறவியிலேயே வெள்ளையான நொக்ராக் குதிரைக்குத் தோல் ரோஜா நிறம், அது வேறு கதை. நரைக்கும் குதிரை பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோதான் பிறக்கும், வெளுக்க வருஷக்கணக்கில் ஆகும். அதுவும் அந்த ஆண் குதிரைக்குத் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் நரை மரபணு வந்திருந்தால்தான் எல்லாக் குட்டியும் நரைக்கும், ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதிக்குப் பாதி. வயதான நரைக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலுக்கடியில் கறுப்புக் கட்டிகள் வரும் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரபு இனத்துக்கென்றே சில பரம்பரை நோய்கள் இருக்கின்றன. எஸ்சிஐடி என்பதில் குட்டி நன்றாகத்தான் பிறக்கும், சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி தீர்ந்ததும் நிமோனியா மாதிரி ஏதாவது பிடித்து ஐந்து மாதத்துக்குள் செத்துவிடும். சிஏ என்று ஒன்று, சிறுமூளை கெட்டுத் தலை நடுங்கும், நடை தடுமாறும். எகிப்திய வம்சத்தில் லாவெண்டர் என்று ஒன்று, குட்டி எழுந்தே நிற்காது. இவற்றுக்கெல்லாம் மயிர்க்காலை வைத்தே சோதனை செய்துவிடலாம். காகிதமே இல்லாத குதிரையை எந்த நம்பிக்கையில் சேர்ப்பது?

மேட்டூர் லாடக்காரர்

பாப்பா, படிக்கிற பிள்ளை, பயமுறுத்தும்போது முழுக் கணக்கையும் சொல்லணும். இந்த நோயெல்லாம் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்தால்தானே குட்டிக்கு வரும்? அப்போதும் நாலில் ஒன்றுக்குத்தான். அவர் பெட்டை காத்தியவார், அரபு இல்லை. அப்புறம் எதற்கு மூன்று மடங்கு காசு?

தலைவாசல் மாணவி

சரி அண்ணா, அதை ஒத்துக்கொள்கிறேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் குட்டிக்கு நோய் வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனால் காத்தியவார் குதிரையிலும் பழைய காலத்து அரபு ரத்தம் உண்டு, சந்தையில் வாங்கிய பெட்டையின் பாட்டி யார் என்று யாருக்குத் தெரியும்? பிறக்கிற பெண் குட்டியை நாளைக்கு இன்னொரு அரபுக் குதிரையோடு சேர்த்தால் அப்போது கணக்கு மாறும். அதைவிட அவசரமான சோதனை வேறு இருக்கிறது. கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய். மனிதனுக்கும் தொற்றும், உறுதியானால் 2009 கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவரும். சந்தை சந்தையாக, கல்யாணம் கல்யாணமாகச் சுற்றும் குதிரையிடம் பெட்டையைக் கூட்டிப்போகும் முன் இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். சாரட் ஐயா கோபிக்க வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை சாரட்

கோபம் எல்லாம் இல்லை. என் குதிரைகளுக்கு வருஷா வருஷம் ரத்தம் எடுக்கிறேன்.

அந்தியூர்ப் பைத்தியம்

எல்லாரும் எந்த அரபு என்று அடித்துக்கொள்கிறீர்கள், ஏன் அரபு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 2012இல் இந்தியாவில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் இருந்தன, 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் அது 3.4 லட்சம். இதில் காது தொடுகிற காத்தியவார் எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பெட்டை பதினொரு மாதம் சுமக்கிறது, வருஷத்துக்கு ஒரு குட்டி போட்டாலே அதிகம். ஆண் குதிரை ஆயிரம் குட்டிக்குத் தகப்பன் ஆகலாம், நல்ல பெட்டையின் ஒரு சினை கலப்புக்குப் போனால் இனத்துக்கு ஒரு வருஷம் போச்சு. பிறக்கிற குட்டி காத்தியவாரும் இல்லை, அரபும் இல்லை, அந்தக் காதும் போயிருக்கும். நல்ல காத்தியவார் ஆண் குதிரை ஆடிச் சந்தைக்கு வரத்தான் செய்கிறது, ஒரு வருஷம் பொறுங்கள்.

குப்பனூர் சவாரி

இனம் காப்பாற்றும் பாரத்தை ஒற்றைப் பெட்டை வைத்திருப்பவர் தலையில் ஏற்றாதீர்கள் அண்ணா. அவருக்கு மலையில் நாள் முழுக்க நடக்கிற குதிரை வேண்டும், அதற்கு அரபை மிஞ்சி எது இருக்கிறது? உலகத்தில் 160 கிலோமீட்டர் தொலைதூரப் போட்டி எங்கே நடந்தாலும் முன்னால் வருவது அரபும் அரபுக் கலப்பும்தான். மூச்சு சீக்கிரம் அடங்கும், குளம்பு கெட்டி.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். 58 இன்ச் பெட்டைக்கு 60 இன்ச் ஆண் என்றால் குட்டி பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகாதா?

தலைவாசல் மாணவி

ஆகாது அக்கா. 1938இல் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு பேர் பிரம்மாண்டமான ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார்கள். ஷெட்லாண்டு தாய் போட்ட குட்டி ஷெட்லாண்டு அளவில்தான் பிறந்தது. பிறக்கும்போது குட்டியின் அளவைத் தாயின் கர்ப்பப்பைதான் முடிவு செய்கிறது. இரண்டு இன்ச் ஒரு பொருட்டே இல்லை.

மேட்டூர் லாடக்காரர்

உயரம், நிறம், காகிதம் எல்லாம் பேசியாச்சு, காலைப் பற்றி யாரும் பேசவில்லை. தோட்டத்துத் தம்பி முதல் பதிவிலேயே பெட்டைக்குக் கணு தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார், விஷயமே அங்கேதான் இருக்கிறது. சில பேர் நினைப்பார்கள், பெட்டைக்குக் கணு நீளம், அதனால் கணு குட்டையாக, செங்குத்தாக இருக்கும் ஆண் குதிரையைப் போட்டால் குட்டிக்கு நடுத்தரமாக வரும் என்று. குட்டி உடம்பு மோரில் தண்ணீர் கலக்கிற மாதிரி இல்லை. தாய் மாதிரியும் வரும், தகப்பன் மாதிரியும் வரும், சில நேரம் முன்னங்கால் ஒன்று, பின்னங்கால் ஒன்று என்று கூட வரும். பெட்டைக்கு எந்த இடம் கோளாறோ அந்த இடம் சரியாக இருக்கிற ஆண் குதிரைதான் வேண்டும், எதிர்க்கோளாறு உள்ளது அல்ல.

போய்ப் பார்க்கும்போது தீவனம் வைத்து நிற்க வைத்துக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். சிமெண்ட் தரையில் உங்களைப் பார்த்து நேராக நடத்தி வரச் சொல்லுங்கள், திருப்பி உங்களை விட்டு நடத்திப் போகச் சொல்லுங்கள். குளம்பு வெளியே வீசுகிறதா, உள்ளே இடிக்கிறதா பாருங்கள். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு காலில் ஆடுகிற குதிரை என்றால் பின்னங்கால் முட்டியைத் தடவிப் பாருங்கள், வீக்கம் கைக்குத் தெரியும். முக்கியமாக அது போட்ட குட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று குட்டி, மூன்று வேறு பெட்டைக்குப் பிறந்தது, மூன்றிலும் ஒரே குறை இருந்தால் அது தகப்பன் சொத்து.

நாகலூர்த் தோட்டத்தான்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் நேரில் போய்ப் பார்த்தேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை அழகு, அதில் மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனால் லாயத்தின் குறுக்குக் கட்டை பாதி அளவுக்குக் கடித்துத் தின்னப்பட்டிருந்தது, இரண்டு பக்கமும் சங்கிலி. வெளியே விட்டு ஆறு மாதம் ஆச்சு என்று அங்கே வேலை செய்யும் பையன் சொன்னான். வாலைத் தூக்கிப் பார்த்தேன். பட்டாணி அளவில் நாலைந்து கறுப்பு முடிச்சு. கேட்டால் சூட்டுக்கட்டி என்றார்கள். குட்டிகளைக் காட்டச் சொன்னேன், எல்லாம் வெளியூர் போய்விட்டதாம். ரத்தச் சோதனை பற்றிக் கேட்டதும், சோதனை கேட்கிற பார்ட்டி நமக்கு வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஓசூர் தாண்டிப் போனால், செம்பழுப்பு அவ்வளவு ஒன்றும் கண்ணைப் பறிக்கவில்லை. முகத்தில் அரபுக்கே உரிய அந்தக் குழிவு லேசாகத்தான் இருக்கிறது. மேய்ச்சலில் நின்றது, ஒரு பெரியவர் வெறும் கயிறு போட்டு நடத்திக்கொண்டு வந்தார். லாடக்காரர் அண்ணன் சொன்னபடி சிமெண்டில் நடத்தச் சொன்னேன், ரயில் தண்டவாளம் மாதிரி நேராக வந்தது. முதுகு குட்டை, கணு நல்ல சாய்வு. இரண்டு குட்டிகள் அங்கேயே இருந்தன, இரண்டுக்கும் முன்னங்கால் சுத்தம். சரி, முன்பணம் கொடுத்துவிடலாம் என்று பையில் கை வைத்தேன். அவர் வாங்கவில்லை. உங்கள் பெட்டைக்குக் கர்ப்பப்பை சோதனை செய்தீர்களா, குட்டி போட்ட பெட்டையா, பருவத்துக்கு வந்த தேதி எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஆண் குதிரைக்குக் கேட்ட காகிதத்தை அவர் என் பெட்டைக்குக் கேட்கிறார், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தலைவாசல் மாணவி

அவர் சரியான ஆள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள், எங்கள் தலைவாசல் கல்லூரிக்கோ நாமக்கல்லுக்கோ கூட்டிப்போகலாம். பருவம் 21 நாளுக்கு ஒரு முறை, ஐந்தாறு நாள் நிற்கும், கரு முட்டை வெளிவருவது அதன் கடைசி ஒன்றிரண்டு நாளில். இரண்டு மூன்று முறை தேதி குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சேர்த்த பிறகு 14 முதல் 16ஆம் நாளுக்குள் கட்டாயம் ஸ்கேன் பாருங்கள், இரட்டை இருந்தால் அப்போதே ஒன்றைக் கலைக்க வேண்டும், குதிரைக்கு இரட்டைச் சினை ஆபத்து. குட்டியின் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு மலை ஏற்றுங்கள், அதுவரை ஒரு மாதம் ஆண் குதிரை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மாசி, பங்குனியில் குட்டி பிறக்கிற மாதிரி கணக்கு வைத்தால் ஏற்காட்டு மழையிலும் குளிரிலும் சின்னக் குட்டி மாட்டாது.

அந்தியூர்ப் பைத்தியம்

ஸ்கேன், தேதி எல்லாம் சரி. எப்படியும் பங்குனி, சித்திரை வரை காத்திருக்கப் போகிறீர்கள். இன்னும் மூன்று மாதம் சேர்த்துக் காத்திருந்தால் ஆடி வந்துவிடும். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

நாகலூர்த் தோட்டத்தான்

உங்கள் பேச்சு மனதில் இருக்கிறது அண்ணா. இரண்டாவது குட்டி காத்தியவாருக்கு என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு ஒரு கேள்வி மட்டும்: பெட்டையை இருபது கொண்டை ஊசி வளைவிலும் நிற்க வைத்து இறக்கணும், நல்ல வண்டி யாரிடமாவது இருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டை சாரட்

என் வண்டி இருக்கிறது தம்பி, பக்கவாட்டில் மெத்தை வைத்துத் தைத்தது. கொண்டை ஊசி வேண்டாம், குப்பனூர் வழியாக மெதுவாக இறக்கிக்கொள்ளலாம். டீசல் மட்டும் போடுங்கள். குட்டி செம்பழுப்பாகப் பிறந்தால் மட்டும் என்னிடம் விற்க வராதீர்கள்.